2009-இலிருந்து கொட்டகையில் கிடந்த ஸ்பிட்ஃபயர்: முழுக்கப் பிரிப்பதா, முதலில் ஓட வைப்பதா?

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு கார் வாங்கிவிட்டேன். அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாமல் தினமும் ராத்திரி கராஜுக்குள் போய் நின்றுகொண்டிருக்கிறேன். 1968-ஆம் வருட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இரண்டு பேர் உட்காரும் சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1296 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். லெஸ்டருக்கு வெளியே ஒரு பண்ணையில் தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கடைசியாக எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையில் பாஸானது 2009-இல், அதற்குப் பிறகு சாலைக்கே வரவில்லை. லாக்புக் இருக்கிறது. கமிஷன் பிளேட்டில், அதாவது காரின் ஆலை எண் பொறித்த தகட்டில், எஃப்.டி. என்று தொடங்கும் எண், எஞ்சின் எண்ணும் எஃப்.டி.யில்தான் தொடங்குகிறது. அது மார்க் 3-க்கு உரிய வரிசை என்பதால் வேறு ரகக் காரின் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டவில்லை என்று தைரியமாக இருக்கிறேன்.

வெளியே சிவப்புப் பெயிண்ட். ஆனால் கதவு இடுக்கிலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் பச்சை தெரிகிறது, கோனிஃபர் பச்சையாக இருக்க வேண்டும். துணிக்கூரையை எலி கடித்திருக்கிறது. இடது பக்க சில், அதாவது கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடுமே அந்தப் பகுதி, பார்க்க நன்றாக இருக்கிறது, திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது. வலது பக்கத்தில் யாரோ துருவின் மேலேயே தகடு வைத்துப் பற்றவைத்து, அடியில் தார் பூசி மறைத்திருக்கிறார்கள். எஞ்சின் சுற்றுகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது.

ஏன் இந்தக் கார் என்று கேட்பீர்கள். திருச்சியில் அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது, வண்டலூர் ஆலையில் செய்தது. பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், அதைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவோம். ஸ்பிட்ஃபயர் அதே ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கிச் செய்த வண்டி. கொட்டகையில் இதன் பானட்டைத் தூக்கியபோது, முன் சக்கரங்களும் எஞ்சினும் அப்படியே வெளியே தெரிந்ததும், பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. அப்பாவுக்கு இப்போது 79. அடுத்த ஜூனில் இங்கே வருகிறார்.

ஒரு பட்டறையில் காட்டினேன். முழுவதும் பிரித்து, பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கி, புதுப் பெயிண்ட் வரை செய்ய 16,000 பவுண்டு என்றார்கள். என்னிடம் 6,000 இருக்கிறது. ஸ்பானர் வேலை வரும், வெல்டிங் செய்ததே இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சேரன்:

வாழ்த்துகள். நல்ல கார், அதிலும் ஸ்பிட்ஃபயர்களில் எனக்குப் பிடித்தது மார்க் 3தான். நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பாடியைத் தூக்குங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஈரக் கொட்டகையில் கிடந்திருக்கிறது, வலது பக்கம் மறைத்து வேலை செய்திருக்கிறார்கள். அந்தத் தாருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. இது தனிச் சேஸிஸ் உள்ள கார், எம்.ஜி.பி. மாதிரி பாடியே சேஸிஸாக இருக்கும் வண்டி இல்லை. நாலு பேர் சேர்ந்தால் பாடியைக் கையாலேயே தூக்கி வைக்கலாம். சேஸிஸைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, பிரேக் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டு மேலே பாடியை உட்கார வைத்தால் முப்பது வருடம் கவலை இல்லை. அரைகுறையாகச் செய்தால் ஒவ்வொரு குளிர்காலமும் இதே வேலைதான். நான் என் காரை அப்படித்தான் செய்தேன், நான்கு வருடம் ஆனது, ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

பட்டறைக்காரர்:

தம்பி, ஹெரால்டு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் எங்கள் அப்பா பட்டறையில் அந்த வண்டிகள் நிறைய வந்துபோயின, பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்கு ஓடுவது நான்தான். பாடியைத் தூக்குவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுங்கள். முதலில் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா பாருங்கள், அதுவரை சாவியைத் தொடாதீர்கள்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு பிளக் போடாமலே, எஞ்சினின் நடுத்தண்டான கிராங்கின் முன் நுனியில் பெல்ட் ஓடும் சக்கரம், அந்தக் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பானரை மாட்டி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லையா, இன்னும் ஊற்றி இன்னொரு வாரம் காத்திருங்கள். பலம் போட்டால் பிஸ்டன் ரிங் உடையும். சுற்றியது என்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்டரில் ஓட்டி, ஆயில் பிரஷர் விளக்கு அணைகிற வரை பாருங்கள். அதற்குப் பிறகுதான் பெட்ரோல்.

இன்னொன்று, இந்த எஞ்சினுக்கே உரிய நோய். ஒருவரை உட்கார வைத்து கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தால், கிராங்க் அப்படி நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துபோயிருக்கிறது. அளவுமானி வைத்துப் பார்த்தால் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தச் சின்ன அரைவட்டத் துண்டு கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கை அறுத்துவிடும், எஞ்சினே குப்பை. இப்போதே பிடித்தால் சம்ப்பைக் கழற்றி சில பவுண்டு செலவில் மாற்றிவிடலாம்.

மீனா, பர்மிங்ஹாம்:

சேரன் சொன்ன வழியில் போய் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் ஒரு ஸ்பிட்ஃபயர் 1500 வாங்கினேன். சில் மட்டும்தான் போயிருந்தது, ஓடிக்கொண்டிருந்த வண்டி. "செய்வதே செய்கிறோம், சுத்தமாகச் செய்துவிடுவோம்" என்று மூன்று வாரத்தில் முழுவதும் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது இருந்த உற்சாகம் மாட்டும்போது இல்லை. குழந்தை பிறந்தது, வீடு மாறினோம், ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைத்த போல்ட்டுகளின் மேல் எழுதியிருந்த எழுத்தே அழிந்துவிட்டது. ஒன்பது வருடம் அந்தக் கார் பெட்டிகளில் கிடந்தது. கடைசியில் பெட்டிகளோடு வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுத்தேன். வந்து ஏற்றிக்கொண்டு போனவர் கராஜ் வாசலில் நின்று "இதில் ஒரு முறையாவது போனீர்களா?" என்று கேட்டார். ஒரே ஒரு முறை, வாங்கி ஓட்டி வந்த அன்று.

உங்களிடம் இருப்பது 6,000 பவுண்டும் சனி ஞாயிறும். ஜூனில் அப்பா வருகிறார். தயவுசெய்து முழுக்கப் பிரிக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. பிரேக்கைப் பிரித்தால் பிரேக்கை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கார் எப்போதும் நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும், தள்ளினால் உருள வேண்டும்.

சேரன்:

மீனா, உங்களுக்கு நடந்தது எனக்குப் புரிகிறது, வருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அது திட்டமில்லாமல் பிரித்ததால் வந்தது. ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, பையில் போட்டு, பெயர் கட்டி வைத்தால் வராது. சில் இத்துப்போன ஸ்பிட்ஃபயரை ஓட்டலாம் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. ஹெரால்டில் சேஸிஸின் பக்கச் சட்டங்கள் ஓரம் வரை போகும், அதனால் பாடி கொஞ்சம் இத்தாலும் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அவற்றை எடுத்துவிட்டார்கள், நடுவில் முதுகெலும்பு மட்டும்தான். பாடியின் விறைப்பைத் தாங்குவதே சில்கள்தான், போதாததற்கு பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் சேஸிஸில் இல்லாமல் பாடியிலேயே மாட்டியிருக்கிறது. அங்கே துரு என்றால் பின் சக்கரம் தான் நினைத்த திசையில் போகும்.

மீனா, பர்மிங்ஹாம்:

அதில் நமக்குள் சண்டையே இல்லை. சில்லை முதலில் செய்யட்டும் என்கிறேன். சில் செய்யப் பாடியைத் தூக்கத் தேவையில்லை, தூக்கவும் கூடாது. சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் கதவு இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தெரியும்.

லெஸ்டர்வாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பட்டறைக்காரர் அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதல் வாரம் அசையவில்லை. பத்தாம் நாள், ஸ்பானரில் உடம்பு எடையைப் போடாமல் சும்மா சாய்ந்ததும் ஒரு பெருமூச்சு மாதிரி நகர்ந்தது. அந்த நிமிடம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளையே உட்கார வைத்து கிளட்ச்சையும் மிதிக்கச் சொன்னேன், புல்லி கண்ணுக்குத் தெரிந்து அசைகிறது, அளந்தால் 0.4 மில்லிமீட்டர். வாஷர் மாற்ற வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் இதைப் பார்க்காமலே ஸ்டார்ட் செய்திருப்பேன்.

தாரையும் சுரண்டிவிட்டேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. வலது சில்லின் உள்பக்கத் தகடே இல்லை, தரை ஓரத்தில் கை அகலத்துக்கு ஓட்டை, பழைய செய்தித்தாளைத் திணித்து அதன்மேல் தகடு அடித்திருக்கிறார்கள். இதைச் செய்துவிட்டு ஒருவர் நிம்மதியாகக் காசு வாங்கியிருக்கிறார், அடுத்தவர் மனைவி குழந்தையோடு இதில் போயிருப்பார். அதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை. நல்ல செய்தி, சேஸிஸ் கெட்டி. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன், பின்பக்கம் ஒரே ஒரு இடத்தில்தான் சத்தம் மாறியது. கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒழுகிய பழைய ஆயிலே நடுப்பகுதியைக் காப்பாற்றியிருக்கிறது.

குமரிக்காரன்:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு விஷயம் சொல்ல ஆசை. இந்தக் கார் பிறந்ததே தூசிக்கு அடியிலிருந்துதான். இத்தாலிக்காரர் ஜொவானி மிகெலோட்டி, ஹெரால்டை வடிவமைத்த அதே ஆள், ஒரு மாதிரி வண்டி செய்து கொடுத்தார். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபிடம் காசு இல்லை, அதைப் போர்வை போர்த்தி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டார்கள். 1961-இல் லேலண்ட் நிறுவனம் வந்து கம்பெனியை எடுத்துக்கொண்டபோது, அவர்கள் ஆட்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்கையில் அந்தப் போர்வையைத் தூக்கிப் பார்த்து, இதைச் செய்யலாம் என்றார்கள். 1962-இல் விற்பனைக்கு வந்தது, 1980 வரை ஐந்து வடிவங்களில் சுமார் 3,14,000 கார்கள். 1965-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடி, எஞ்சின் அளவு வகுப்பில் முதல் இரண்டு இடமும் இவைதான்.

அதனால் பெயிண்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினால் ஆலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் கொடுப்பார்கள், என்ன நிறத்தில் எந்தத் தேதியில் வெளியே போனது என்று இருக்கும். பச்சை என்று உறுதியானால் ஒரு நாள் பச்சைக்கே கொண்டுபோகலாம். இப்போதைக்கு அந்தச் சிவப்பு அப்படியே இருக்கட்டும். சில் செய்த இடத்தில் மட்டும் நிறம் சேர்த்து அடியுங்கள். முழுப் பெயிண்டுக்குப் போகும் பணம் உங்கள் பிரேக்கையும் டயரையும் தின்றுவிடும்.

பட்டறைக்காரர்:

0.4 என்றால் நேரத்தில் பிடித்தீர்கள். சந்தோஷம்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன், முன் சக்கரத்துக்குக் கீழே பித்தளையில் ட்ரன்னியன் என்று ஒரு பாகம் இருக்கும், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு அதில்தான் திருகி உட்காரும், அதில் கிரீஸ் வருகிறதா ஆயில் வருகிறதா என்று பாருங்கள். ஹெரால்டுக்கும் இதற்கும் அது ஒன்றுதான். அங்கே போட வேண்டியது கியர் ஆயில், இ.பி. 90. கிரீஸ் கன்னிலேயே ஆயிலை ஊற்றி அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பட்டறைகளில் கிரீஸ் நிப்பிள் மாதிரி இருக்கிறதே என்று கிரீஸ் அடித்துவிடுவார்கள். அது உள்ளே கட்டியாகி மரையில் தண்ணீர் நின்று, செங்குத்துத் தண்டு துருப்பிடித்து ஒரு நாள் திருப்பத்தில் முறியும், சக்கரம் அப்படியே மடங்கி உட்காரும். மவுண்ட் ரோட்டில் ஒரு ஹெரால்டு அப்படி உட்கார்ந்திருந்ததைச் சின்ன வயதில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பழைய தண்டை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் கழற்றி மரையைப் பாருங்கள்.

லெஸ்டர்வாசி:

கழற்றினேன் அண்ணே. இரண்டிலும் கிரீஸ். இடது தண்டு மரையில் குழி விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் புதிது ஆர்டர் போட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி. பின் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில் பற்றி பயமுறுத்துகிறார்கள். வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுற்றிவிடும் என்று. 1970-இல் வந்த மார்க் 4-இல் ஸ்பிரிங்கை மாற்றி இதைச் சரிசெய்தார்களாம். அதைப் போட்டுவிடலாமா? குமரிக்காரன் கோபப்படுவாரோ?

குமரிக்காரன்:

கோபம் இல்லை. ஆலையே தன் தவறைத் திருத்திச் செய்த பாகம் அது, வேண்டுமென்றால் திரும்பப் பழையதை மாட்டிவிடலாம். பழைய ஸ்பிரிங்கை ஆயில் தடவிச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், காரோடு இருக்கட்டும். நான் எதிர்ப்பது திரும்பி வர முடியாத மாற்றங்களை: தகட்டை வெட்டுவது, டேஷ்போர்டில் ஓட்டை போடுவது.

சேரன்:

அந்த மார்க் 4 ஸ்பிரிங்கை, அதாவது ஸ்விங் ஸ்பிரிங்கைப் போட்டால் முன்னாலும் மார்க் 4-இன் தடித்த ஆன்டி ரோல் பாரை, வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பியை, சேர்த்தே போடுங்கள், ஒன்றை மட்டும் போட்டால் வண்டி அதிகம் சாயும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் செய்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். 2009-க்கு முந்தைய டயர் என்றால் ரோட்டில் படும் பூ தேயாமல் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

சேஸிஸ் கெட்டி என்று நீங்கள் சொன்னதும் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். தூக்கியே ஆக வேண்டும் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை. 40 வருடம் தாண்டிய கார், பெரிய மாற்றம் செய்யாதது என்றால் இங்கே எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை, சாலை வரியும் இல்லை. அதைச் சாக்காக வைத்து நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். விருப்பப்பட்டு எம்.ஓ.டி.க்குக் கொடுங்கள். வெல்டிங் செய்தவரைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

மீனா, பர்மிங்ஹாம்:

இதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். வெல்டிங்கை மட்டும் வெளியே கொடுங்கள், மற்றதை நீங்களே செய்யுங்கள். வீட்டுக்கே வந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைப்பீர்களா என்பதுதான். தேவையில்லை என்று சொன்னால் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சட்டம் இல்லாமல் சில்லை வெட்டினால் பாடி நடுவில் தொய்யும், தொய்ந்த நிலையிலேயே புது சில்லைப் பற்றவைத்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் கதவு சரியாக மூடாது. இப்போதே கதவின் மேல் இடைவெளி, கீழ் இடைவெளி இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். மேலே ஒடுங்கி கீழே விரிந்திருந்தால் ஏற்கெனவே தொய்ந்திருக்கிறது. ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் வெட்டவிடாதீர்கள்.

பட்டறைக்காரர்:

டிங்கரிங் முடிந்ததும் பட்டி பார்க்கிறவர் எவ்வளவு கனமாக அப்புகிறார் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள் தம்பி. தகடு நேராக இருந்தால் பட்டி ஒரு பூச்சுதான் வேண்டும். சில்லுக்குள் மெழுகு அடிக்கக் கடைசியில் மறக்காதீர்கள், வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எல்லாம் எரிந்து வெறும் இரும்பாகத்தான் நிற்கும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். உங்கள் ஊரில் 2021-இலிருந்து சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் என்கிறார்கள், பழைய ரப்பர் குழாயை அது அரித்துவிடும், குழாய் எல்லாம் மாற்றிவிடுங்கள். பம்பில் இ5 என்று போட்ட உயர்ரகப் பெட்ரோலை ஊற்றுங்கள்.

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் நன்றி, முடிவு செய்துவிட்டேன். பாடியைத் தூக்கவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை, விற்கவும் இல்லை.

வெல்டிங் செய்பவர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். நான் கேட்பதற்கு முன்பே அவரே கதவு வாசலுக்குச் சட்டம் வைப்பதைப் பற்றிப் பேசினார், அதனால் இவர்தான் என்று முடிவாகிவிட்டது. இரண்டு பக்க சில், வலது தரை, ரேடியஸ் ஆர்ம் பிடிக்கும் இடம், சேஸிஸ் பின்பக்கத்தில் சத்தம் மாறிய அந்த ஒரு இடம், எல்லாம் சேர்த்து 2,600 பவுண்டு. ஜனவரியில் இடது பக்கம், அதை முடித்து கதவு மூடுவதைப் பார்த்த பிறகு பிப்ரவரியில் வலது. அதற்குள் பிரேக்கை நான் செய்கிறேன். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிபர், குழாய் எதையும் விட்டுவைக்கவில்லை. த்ரஸ்ட் வாஷரும் ட்ரன்னியனும் வந்து சமையலறை அலமாரியில் இருக்கின்றன. டயரில் 2104 என்று இருந்தது, ஐந்தும் போகின்றன. ஸ்விங் ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் பழையதாக ஒரு ஜோடி கிடைத்தது. துணிக்கூரைக்குக் காசு மிஞ்சினால் பார்ப்பேன், இல்லாவிட்டால் ஜூனில் கூரை எதற்கு.

சேரன், ஏப்ரல் கடைசியில் எம்.ஓ.டி.க்குப் பதிவு செய்திருக்கிறேன். பாஸானாலும் இல்லாவிட்டாலும் தாளை இங்கே போடுகிறேன்.

அப்பாவிடம் நேற்று சொன்னேன். பானட்டைத் தூக்கிய படத்தை அனுப்பினேன். பத்து நிமிடம் பதிலே இல்லை. அப்புறம் கூப்பிட்டு, "ட்ரன்னியன்ல ஆயில்தான் விடணும், கிரீஸ் அடிச்சிடாதே" என்றார்.

மீனா அக்கா, இடது கதவு அளவு எடுத்துவிட்டேன். மேலே 4 மில்லிமீட்டர், கீழே 6. இது தொய்வா, இல்லை அந்தக் காலத்தில் ஆலையிலேயே அப்படித்தானா?

மீனா, பர்மிங்ஹாம்:

கொஞ்சம் தொய்ந்திருக்கிறது, பயப்படும் அளவு இல்லை. சட்டம் வைப்பதற்கு முன் கதவை மாட்டியபடியே சில்லின் நடுவில் கட்டை வைத்து ஜாக்கியால் மயிரிழை மயிரிழையாக ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு இடைவெளியும் 5-க்கு வந்ததும் அந்த நிலையிலேயே சட்டத்தைப் பற்றவைக்கட்டும். ஜனவரியில் எந்தச் சனிக்கிழமை என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். என்னிடம் இன்னும் அந்த 1500-இன் கதவு இடைவெளி அளக்கும் தகடுகள் இருக்கின்றன.